பூட் ஆகும் ஐஎஸ்ஓ படிமம்: உருவாக்குதலும் செக்சம் கொண்டு சரிபார்த்தலும்

புதிய இயங்குதளம் ஒன்றைக் கணினியில் நிறுவ நினைப்பவர் இணையத்திலிருந்து பதிவிறக்குவது பெரும்பாலும் ஒரே ஒரு கோப்பாகத்தான் இருக்கும். சில நூறு மெகாபைட்டிலிருந்து பல ஜிகாபைட் வரை அளவுள்ள அந்தக் கோப்பின் பெயர் ஐஎஸ்ஓ என்று முடியும். பாடல்களையும் புகைப்படங்களையும் நகலெடுப்பது போலவே அதையும் பென் டிரைவில் நகலெடுத்து, அதைச் செருகிக் கணினியைத் தொடக்கினால், கணினி அதைப் பொருட்படுத்தாமல் பழைய இயங்குதளத்திற்கே போய்விடும். கோப்பிலும் பழுதில்லை, பென் டிரைவிலும் பழுதில்லை. எழுதிய முறைதான் தவறு. ஏன் தவறு என்பதை விளங்கிக்கொள்ள, அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கோப்புக்குள் ஒரு முழு வட்டு

ஜிப் போன்ற தொகுப்பில் கோப்புகளின் பெயர்களும் உள்ளடக்கமும் சேமிக்கப்படுகின்றன. அவை வட்டில் எந்த இடத்தில் இருந்தன என்ற தகவல் அதில் இருப்பதில்லை, அது தேவையும் இல்லை. வட்டுப் படிமத்தில் இடம்தான் முக்கியம். ஒரு சிடி அல்லது டிவிடியின் முதல் செக்டாரிலிருந்து (செக்டார் என்பது வட்டின் சம அளவுள்ள சிறு துண்டு) கடைசி செக்டார் வரை உள்ள எல்லா பைட்டுகளும், வெற்றிடங்கள் உட்பட, வரிசை சிறிதும் மாறாமல் ஒரு கோப்பாக எடுத்து வைக்கப்பட்டால் அதுவே படிமம். எனவே படிமத்தை வட்டில் 'எழுதுவது' என்றால், கோப்பின் முதல் பைட் வட்டின் முதல் பைட்டாகவும், அதன் கடைசி பைட் உரிய இடத்திலும் போய் அமரும்படி செய்வதாகும். சாதாரணமாக நகலெடுக்கும்போது பென் டிரைவில் ஏற்கெனவே இருக்கும் கோப்பு முறைமைக்குள் எங்கோ ஓர் இடத்தில் அந்தப் படிமம் ஒரு கோப்பாக வைக்கப்படுகிறது. கணினி தொடங்கும்போது தேடும் இடங்களில் எதுவும் இருப்பதில்லை.

ஐஎஸ்ஓ 9660 என்ற தரநிலை 1988-இல் வெளியானது. அதன்படி வட்டு 2,048 பைட் கொண்ட செக்டார்களாகப் பிரிக்கப்படுகிறது. 0 முதல் 15 வரையிலான முதல் 16 செக்டார்களை, அதாவது 32,768 பைட்டுகளை, இந்தத் தரநிலை தனக்கென்று பயன்படுத்துவதில்லை. கணினி அமைப்புகள் தம் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது. 16-ஆம் செக்டாரில்தான் வட்டின் பெயர், மொத்த அளவு, உருவாக்கப்பட்ட நேரம், மூல அடைவு (ஃபோல்டர்) இருக்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லும் முதன்மை விவரணம் தொடங்குகிறது. எந்த ஐஎஸ்ஓ கோப்பையும் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, 0 இலிருந்து எண்ணி 32,769-ஆம் பைட்டுக்குப் போய்ப் பாருங்கள்: 'சிடி001' என்பதற்குரிய ஐந்து எழுத்துக்குறிகள் அங்கே வரிசையாக நிற்கும். பதிவிறக்கிய கோப்பு உண்மையிலேயே ஒரு படிமம்தானா, அல்லது படிமத்தின் பெயரில் சேமிக்கப்பட்ட ஏதோ ஒரு வலைப்பக்கமா என்று சந்தேகம் வந்தால், இந்த ஐந்து எழுத்துக்குறிகளே போதிய பதிலைத் தந்துவிடும்.

கணினி எதைத் தேடுகிறது

மின்சாரம் வந்தவுடன் கணினியில் இயங்குவது, தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். பழைய கணினிகளில் அது பயாஸ், இன்றைய கணினிகளில் யூஇஎஃப்ஐ. இவை இரண்டும் தேடும் பொருள்கள் வேறு வேறு.

வன்வட்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ பூட் செய்யும் (அதாவது இயங்குதளத்தைத் தொடக்கும்) பயாஸ், அதன் முதல் 512 பைட்டுகளைப் படிக்கிறது. அந்த 512-இன் கடைசி இரண்டு பைட்டுகள் பதினாறடிமான எண்களில் 55, ஏஏ என்று இருந்தால், அங்கே இருப்பது பூட் நிரல் என்று கொண்டு அதை இயக்குகிறது. சிடிக்கு இந்த வழி பொருந்தாது. அதன் செக்டார் அளவும் வேறு, அமைப்பும் வேறு. ஃபீனிக்ஸ் நிறுவனமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட 'எல் டொரிட்டோ' என்ற விவரக்குறிப்பு இதற்கு ஒரு தீர்வைத் தந்தது. அதன்படி 17-ஆம் செக்டாரில் ஒரு பூட் பதிவு இருக்கும். அந்தப் பதிவு, பூட் கேட்டலாக் எந்தச் செக்டாரில் இருக்கிறது என்று சொல்லும். அந்த கேட்டலாக், பூட் நிரல் எங்கே தொடங்குகிறது, அதில் எவ்வளவு படிக்க வேண்டும் என்று சொல்லும். இங்கே கோப்புப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாமே செக்டார் எண்கள்தான். ஆகவே ஒரே ஒரு செக்டார் இடம் பிசகினாலும் சங்கிலி அறுந்துவிடும்.

யூஇஎஃப்ஐ வேறு விதமாக நடந்துகொள்கிறது. அதற்கு ஃபேட் வகைக் கோப்பு முறைமையைப் படிக்கத் தெரியும். அதனால் 'இஎஃப்ஐ' என்ற அடைவுக்குள் 'பூட்' என்ற அடைவைத் தேடி, அதற்குள் 64 பிட் கணினியானால் 'பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ' என்ற கோப்பை இயக்குகிறது. சிடியில் இந்த ஃபேட் பகுதியும் எல் டொரிட்டோ கேட்டலாக்கின் வழியாகவே சுட்டப்படுகிறது.

இங்கேதான் அந்த 32,768 பைட் வெற்றிடம் ஓர் அருமையான வேலைக்குப் பயன்பட்டது. சிஸ்லினக்ஸ் என்ற பூட் நிரல் தொகுப்பில் வந்த 'ஐசோஹைப்ரிட்' என்ற கருவி, ஐஎஸ்ஓ 9660 பயன்படுத்தாமல் விட்ட அந்தத் தொடக்க இடத்தில், வன்வட்டுக்குரிய 512 பைட் பூட் செக்டாரையும் பகிர்வு (பார்ட்டிஷன்) அட்டவணையையும் எழுதி வைத்தது. அதே படிமத்தைச் சிடியில் எழுதினால் கணினி 17-ஆம் செக்டார் வழியாகப் போகிறது. பென் டிரைவில் எழுதினால் முதல் 512 பைட் வழியாகப் போகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை. இன்று பெரும்பாலான லினக்ஸ் படிமங்கள் இந்தக் கலப்பு முறையில்தான் வருகின்றன. மற்றவர்கள் காலியாக விட்டுச் சென்ற இடத்தை இவ்வளவு நேர்த்தியாகப் பயன்படுத்திய ஏற்பாடுகள் கணினித் துறையில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

விண்டோஸ் நிறுவல் படிமங்கள் இந்த முறையில் அமைவதில்லை. அவற்றை அப்படியே பைட் பைட்டாகப் பென் டிரைவில் எழுதினால் பூட் ஆகாது. ரூஃபஸ் போன்ற கருவிகள் பென் டிரைவில் புதிதாகப் பகிர்வுகளை அமைத்து, படிமத்துக்குள் இருக்கும் கோப்புகளை எடுத்து அங்கே வைத்து, பூட் ஆவதற்கு வேண்டியதைச் செய்கின்றன. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டை எட்ட முடியாது என்ற வரம்பு வேறு இருக்கிறது. விண்டோஸ் படிமத்தில் உள்ள முக்கியக் கோப்பு சில வெளியீடுகளில் அந்த வரம்பைத் தாண்டிவிடுவதால் அதற்கும் அந்தக் கருவிகள் தனியாக வழி செய்ய வேண்டியிருக்கிறது.

சொந்தமாக ஒரு படிமம் செய்தல்

கையில் இருக்கும் ஒரு சிடியிலிருந்து படிமம் எடுப்பது எளிது: வட்டின் எல்லா செக்டார்களையும் வரிசையாகப் படித்து ஒரு கோப்பில் எழுதினால் போதும். லினக்ஸில் 'டிடி' என்ற பழைய கட்டளை இதைச் செய்யும். ஓர் அடைவில் உள்ள கோப்புகளிலிருந்து புதிய பூட் படிமம் உருவாக்குவதில்தான் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. இதற்கு நீண்ட காலமாக 'எம்கேஐசோஎஃப்எஸ்' என்ற நிரல் பயன்பட்டது; இன்று அதன் கட்டளை முறையையே ஏற்று நடக்கும் 'எக்சோரிசோ' பரவலாகப் பயன்படுகிறது.

அந்த நிரலுக்கு நாம் சொல்ல வேண்டியவை சிலவே. எந்த அடைவிலிருந்து கோப்புகளை எடுப்பது, பூட் நிரல் எந்தக் கோப்பு, கேட்டலாக்கை என்ன பெயரில் வைப்பது, வெளியீட்டுக் கோப்பின் பெயர் என்ன என்பவை அடிப்படை. இவற்றுடன் எமுலேஷன் வேண்டாம் என்ற தெரிவையும் சேர்க்க வேண்டும். எல் டொரிட்டோ வந்த காலத்தில், சிடியில் உள்ள ஒரு பகுதியை ஃபிளாப்பி போல நடிக்க வைத்து பூட் செய்யும் வழக்கம் இருந்தது. இன்று அது தேவையில்லை. தொடக்கத்தில் எத்தனை செக்டார் படிக்க வேண்டும் என்ற இடத்தில் 4 என்று தருவார்கள். இவை 512 பைட் செக்டார்கள் என்பதால் நான்கும் சேர்ந்து சிடியின் ஒரு செக்டாருக்குச் சமம். நீண்ட கோப்புப் பெயர்களும் லினக்ஸ் அனுமதிகளும் குலையாமல் இருக்க ராக் ரிட்ஜ் என்ற நீட்டிப்பையும், விண்டோஸில் பெயர்கள் சரியாகத் தெரிய ஜோலியட் என்ற நீட்டிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். இவை இல்லாவிட்டால், மூலத் தரநிலையின் முதல் நிலைப்படி, பெயருக்கு எட்டு எழுத்து, நீட்சிக்கு மூன்று எழுத்து என்ற பழைய குறுகிய வரம்புக்குள் பெயர்கள் சுருங்கிவிடும்.

பூட் தகவல் அட்டவணை என்ற தெரிவு பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் செக்சம் (கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் எண்; விளக்கம் பின்னால் வரும்) பார்க்கும்போது அது பலரைக் குழப்புகிறது. ஐசோலினக்ஸ் போன்ற பூட் நிரல்கள், தாம் வட்டின் எந்தச் செக்டாரில் இருக்கிறோம் என்பதை அறிந்துகொண்டால்தான் வேலை செய்ய முடியும். அதனால் படிமத்தை உருவாக்கும் நிரல், பூட் கோப்பின் 8-ஆம் பைட்டிலிருந்து தொடங்கி 56 பைட்டுகளை மாற்றி, அங்கே அந்தச் செக்டார் எண், கோப்பின் நீளம், ஒரு 32 பிட் செக்சம் ஆகியவற்றை எழுதி வைக்கிறது. இதன் விளைவாக, படிமத்துக்குள் இருக்கும் பூட் கோப்பும் அந்த நிரலின் வெளியீட்டுத் தொகுப்பில் இருந்த பூட் கோப்பும் ஒன்றாக இருப்பதில்லை. செக்சம் மாறுபடுவதைக் கண்டு யாரோ கோப்பைத் திருத்திவிட்டார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை.

இதே போன்ற இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே அடைவிலிருந்து, ஒரே கட்டளையால், ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு படிமங்கள் செய்தால் அவற்றின் செக்சம்கள் பொருந்தாது. முதன்மை விவரணத்தில் உருவாக்கிய நேரம், நொடியில் நூறில் ஒரு பங்கு வரை, எழுதப்படுகிறது என்பதே காரணம். ஆகவே ஒருமுறை உருவாக்கிய படிமத்தின் செக்சத்தை, மீண்டும் உருவாக்கிய படிமத்துக்கும் பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. எத்தனை முறை உருவாக்கினாலும் ஒரே முடிவு வர வேண்டுமானால், எல்லா நேரக் குறிப்புகளையும் முன்கூட்டியே நிலைநிறுத்திவிட்டு உருவாக்க வேண்டும்.

உருவாக்கிய படிமத்தை உடனே வட்டில் எழுதத் தேவையில்லை. கியூஇஎம்யு அல்லது விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினியில் முதலில் பூட் செய்து பார்ப்பது நல்லது. பயாஸ் முறையிலும் யூஇஎஃப்ஐ முறையிலும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

செக்சம் என்ன சொல்கிறது

செக்சம் என்பது ஒரு கோப்பின் எல்லா பைட்டுகளையும் ஒரு கணித முறைக்குள் செலுத்திப் பெறும் சிறிய, நிலையான நீளமுள்ள ஓர் எண். இன்று படிமங்களுக்குப் பரவலாகப் பயன்படும் ஷா-256 முறையில் கோப்பு எவ்வளவு பெரிதானாலும் விடை 256 பிட்தான். பதினாறடிமானத்தில் எழுதினால் 64 எழுத்துகள். எடுத்துக்காட்டாக 1,57,28,64,000 பைட் அளவுள்ள ஒரு படிமத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 7,68,000 செக்டார்கள் இருக்கும். ஷா-256 அதை 64 பைட் துண்டுகளாக வெட்டி, 2 கோடியே 45 லட்சத்து 76 ஆயிரம் துண்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக உள்வாங்கி, ஒவ்வொன்றையும் 64 சுற்றுகள் கலக்கி, முந்தைய துண்டின் விளைவோடு சேர்த்துக்கொண்டே போகிறது. இறுதியாகக் கோப்பின் நீளத்தைக் குறிக்கும் துண்டையும் சேர்த்து முடிக்கிறது. ஒரு துண்டின் விளைவு அடுத்ததற்குள் போவதால், நடுவில் எங்கோ ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் அதற்குப் பிந்தைய எல்லாமே மாறி, முடிவில் வரும் 256 பிட்டுகளில் சராசரியாகப் பாதி வேறாகிவிடும். சிறிய பிழைக்குச் சிறிய மாற்றம், பெரிய பிழைக்குப் பெரிய மாற்றம் என்ற நிலை இங்கே கிடையாது. இரண்டு செக்சம்கள் 'ஏறக்குறைய' ஒன்றாக இருந்தால், கைத்தட்டச்சில் பிழை என்று நினைக்கலாமே தவிர, கோப்பு ஏறக்குறைய சரி என்று நினைக்க இடமில்லை.

இணையதளங்களில் வேறு முறைகளையும் காண்பீர்கள். நீளத்தைக் கொண்டே அவற்றை அடையாளம் காணலாம்: எம்டி5 என்றால் 32 எழுத்துகள், ஷா-1 என்றால் 40, ஷா-512 என்றால் 128. ரொனால்ட் ரிவெஸ்ட் 1991-இல் வடிவமைத்த எம்டி5-இல், ஒரே செக்சம் கொண்ட இரண்டு வெவ்வேறு உள்ளடக்கங்களை உருவாக்க முடியும் என்று 2004-இல் சீன ஆய்வாளர் ஷியாவ்யுன் வாங்கும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். ஷா-1-க்கும் அதே கதி 2017-இல் நேர்ந்தது. கூகுள் நிறுவனமும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு மையமும் ஒரே ஷா-1 கொண்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. இதனால் எம்டி5 அறவே பயனற்றதாகிவிடவில்லை. பதிவிறக்கத்தில் தற்செயலாக நேர்ந்த சேதத்தை அது இன்றும் நம்பகமாகக் காட்டிவிடும். ஆனால் தற்செயலையும் திட்டமிட்ட ஏமாற்றையும் ஒரே கருவியால் பார்க்க முடியும்போது, தற்செயலை மட்டும் பார்க்கும் கருவியைத் தேர்ந்தெடுக்க எந்தக் காரணமும் இல்லை. ஷா-256 கொடுக்கப்பட்டிருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

பதிவிறக்கியதைச் சரிபார்த்தல்

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து, 'ஷா256சம்' என்ற கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுத்தால் சில நொடிகளில் விடை வந்துவிடும். மேக் கணினியில் 'ஷாசம்' என்ற கட்டளைக்கு 'ஏ' என்ற தெரிவுடன் 256 என்று தர வேண்டும். விண்டோஸின் பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்' என்று தட்டினால், வேறெதுவும் சொல்லாவிட்டால் அது ஷா-256 முறையையே பயன்படுத்தும். விடை பெரிய எழுத்தில் வருகிறதா சிறிய எழுத்தில் வருகிறதா என்பது பொருட்டல்ல.

வந்த விடையைக் கண்ணால் ஒப்பிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. 64 எழுத்துகளில் முதல் நான்கையும் கடைசி நான்கையும் பார்த்துவிட்டு நிறைவடைவதே மனித இயல்பு. படிமங்களை வெளியிடுவோர் வழக்கமாக 'ஷா256சம்ஸ்' என்ற பெயரில் ஓர் எளிய உரைக்கோப்பையும் உடன் வைக்கிறார்கள். அதன் ஒவ்வொரு வரியிலும் 64 எழுத்து செக்சம், பின்னர் இரண்டு இடைவெளிகள் அல்லது ஓர் இடைவெளியும் ஒரு நட்சத்திரக் குறியும், பின்னர் கோப்பின் பெயர் என்ற வரிசை இருக்கும். அந்தக் கோப்பைப் படிமம் இருக்கும் அதே அடைவில் வைத்து, அதே கட்டளைக்கு 'சி' என்ற தெரிவைக் கொடுத்தால், கணினியே ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிட்டு 'ஓகே' அல்லது 'ஃபெயில்டு' என்று சொல்லிவிடும். பட்டியலில் உள்ள மற்றப் படிமங்கள் உங்களிடம் இல்லாததால் வரும் எச்சரிக்கைகளை 'இக்னோர்-மிஸ்ஸிங்' என்ற தெரிவு அடக்கிவிடும். படிமத்தின் பெயரை நீங்கள் மாற்றியிருந்தால் கோப்பைக் காணவில்லை என்று வரும்; பெயர் மாற்றத்தால் செக்சம் மாறுவதில்லை, பட்டியலில் உள்ள பெயரோடு பொருந்தாததுதான் சிக்கல்.

பொருந்தாவிட்டால் என்ன செய்வது? முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். பாதியில் நின்ற பதிவிறக்கமே மிகச் சாதாரணமான காரணம். அடுத்து, செக்சம் எந்த வெளியீட்டுக்கு உரியது என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால், அதே கோப்பின் செக்சத்தை இன்னொரு முறை கணக்கிடுங்கள். மாறாத ஒரு கோப்புக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை வருமானால், குறை கோப்பில் இல்லை. கணினியின் ரேம் அல்லது சேமிப்பு வட்டு பழுதாகியிருக்கிறது என்று பொருள். அந்தக் கணினியில் புதிய இயங்குதளம் நிறுவுவதை நிறுத்திவிட்டு முதலில் ரேமைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே தவறான விடை வந்தால் கோப்பே சேதமடைந்திருக்கிறது. அப்போதும் முழுவதையும் மீண்டும் இறக்க வேண்டியதில்லை. அதே படிமத்துக்கு டொரண்ட் இருந்தால், சேதமான கோப்பை டொரண்ட் நிரலின் அடைவில் அதே பெயரில் வைத்து, மறுபரிசோதனை செய்யச் சொன்னால் போதும். டொரண்ட் ஒவ்வொரு துண்டுக்கும் தனி செக்சம் வைத்திருப்பதால், கெட்ட துண்டுகளை மட்டும் புதிதாக இறக்கிக்கொள்ளும்.

செக்சத்தை யார் கொடுத்தது

செக்சம் பொருந்தினால் என்ன நிரூபணமாகிறது? வலைத்தளத்தில் இருந்த அந்த எண்ணுக்கு உரிய கோப்பு உங்களிடம் இருக்கிறது என்பது மட்டும்தான். அந்த எண்ணை அங்கே வைத்தவர் யார் என்பதற்கு அது பதில் தருவதில்லை. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் திட்டத்தின் வலைத்தளத்துக்குள் ஊடுருவியவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பைத் திருத்தி, பின்கதவு (பிறர் ரகசியமாக நுழைய உதவும் நிரல்) பொருத்தப்பட்ட வேறொரு படிமத்துக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தையே கைப்பற்றிய ஒருவருக்கு இணைப்போடு சேர்த்துப் பக்கத்தில் உள்ள செக்சத்தையும் மாற்றிவிடுவது பெரிய காரியமல்ல. அப்படி மாற்றப்பட்டால், மாற்றிய படிமமும் மாற்றிய செக்சமும் அழகாகப் பொருந்தும்.

இதற்குத்தான் டிஜிட்டல் கையொப்பம். வெளியீட்டாளர் தம்மிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் செக்சம் பட்டியலில் கையொப்பமிட்டு, அதைத் தனிக் கோப்பாக வெளியிடுகிறார். அவருடைய பொதுச் சாவி நம்மிடம் இருந்தால், ஜிபிஜி என்ற நிரலுக்கு 'வெரிஃபை' என்ற தெரிவைக் கொடுத்துக் கையொப்பத்தைச் சோதிக்கலாம். கையொப்பம் சரியென்று வந்த பிறகும், இந்தச் சாவி நம்பகமான கையொப்பத்தால் சான்றளிக்கப்படவில்லை என்ற எச்சரிக்கை ஒன்று வருவதுண்டு. புதியவர்கள் இதைக் கண்டு பின்வாங்கிவிடுகிறார்கள். அந்தச் சாவி உண்மையில் வெளியீட்டாளருடையதுதான் என்று நீங்கள் இதுவரை உங்கள் கணினிக்கு உறுதி சொல்லவில்லை என்பதே அதன் பொருள். திரையில் தெரியும், சாவியை அடையாளம் காட்டும் 40 எழுத்து ஃபிங்கர்பிரின்ட்டை, படிமத்தை எடுத்த இடத்தைச் சாராத வேறொரு வழியில் கிடைத்த ஃபிங்கர்பிரின்ட்டோடு ஒப்பிடுங்கள்: பழைய நிறுவல் வட்டில் உள்ள சாவி, ஏற்கெனவே நிறுவப்பட்ட இயங்குதளத்தோடு வந்த சாவித் தொகுப்பு போன்றவை ஏற்றவை. முதலில் கையொப்பம், பிறகு செக்சம் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். கையொப்பம் பட்டியலுக்கு உறுதி தருகிறது, பட்டியல் படிமத்துக்கு உறுதி தருகிறது.

எழுதியதை மீண்டும் படித்தல்

இவ்வளவு கவனமாகச் சரிபார்த்த படிமத்தை எழுதிவிட்டு அத்தோடு நின்றுவிடுபவர்களே அதிகம். பென் டிரைவ்களும் எழுதும் சிடிகளும் எந்த எச்சரிக்கையும் தராமல் பிழை செய்யக்கூடியவை. நிறுவலின் நடுவில் ஒரு கோப்பைப் படிக்க முடியாமல் நின்றுபோவதற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது.

எழுதும்போது ஒரு முன்னெச்சரிக்கை இன்றியமையாதது. 'டிடி' கட்டளை எந்தக் கேள்வியும் கேட்காமல் சொன்ன இடத்தில் எழுதிவிடும். சாதனத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் வன்வட்டில் உள்ள அனைத்தும் போய்விடும். 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையால் அளவைப் பார்த்து, எது பென் டிரைவ் என்று உறுதிசெய்த பிறகே எழுத வேண்டும். சாதனத்தின் பெயர் 'எஸ்டிசி' என்றால் அதையே தர வேண்டும். 'எஸ்டிசி1' என்று தந்தால் படிமம் பகிர்வுக்குள் போய் அமர்ந்து, முதல் 512 பைட் உரிய இடத்தில் விழாது.

எழுதி முடித்த பென் டிரைவின் செக்சத்தைக் கணக்கிடும்போது, சாதனம் முழுவதையும் படிக்கச் சொன்னால் விடை ஒருபோதும் பொருந்தாது. நம் எடுத்துக்காட்டுப் படிமம் ஏறத்தாழ ஒன்றரை ஜிகாபைட். பென் டிரைவ் 16 ஜிகாபைட் என்றால் மீதி இடத்தில் உள்ள பழைய பைட்டுகளும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே சாதனத்தின் தொடக்கத்திலிருந்து சரியாக 1,57,28,64,000 பைட்டுகளை மட்டும் படித்து ஷா256சம்முக்குச் செலுத்த வேண்டும். லினக்ஸில் 'ஹெட்' கட்டளைக்கு 'சி' தெரிவோடு அந்த எண்ணைக் கொடுக்கலாம். 'டிடி' என்றால் 2,048 பைட் அளவில் 7,68,000 துண்டுகள் என்று சொல்லலாம்.

இதற்கு முன் பென் டிரைவை முறைப்படி வெளியேற்றி, கழற்றி, மீண்டும் செருகுங்கள். எழுதியவுடனே படித்தால், இயங்குதளம் தன் ரேமில் வைத்திருக்கும் நகலையே திருப்பித் தந்துவிடக்கூடும். அப்போது நீங்கள் சோதிப்பது பென் டிரைவை அல்ல. உண்மையான கொள்ளளவைவிட அதிகமாகக் காட்டும் போலிப் பென் டிரைவ்களும் இந்தச் சோதனையில்தான் அகப்படும். எழுதும்போது எல்லாம் சரியாகவே முடிந்ததாகக் காட்டி, படிக்கும்போது உள்ளடக்கம் காணாமல் போயிருக்கும். பலேனா எட்ச்சர் போன்ற கருவிகள் எழுதிய பிறகு தாமாகவே சரிபார்க்கின்றன; அந்தக் கட்டம் நேரம் பிடிக்கிறது என்று ரத்துசெய்யாமல் இருப்பது நல்லது. ஒருமுறை விண்டோஸ் கணினியில் செருகப்பட்ட பென் டிரைவில் விண்டோஸ் தன் சொந்த அடைவை எழுதிவைக்கக்கூடும் என்பதால், அதற்குப் பிறகு செக்சம் மாறியிருந்தால் வியப்பில்லை. கோப்புகளாகப் பிரித்து எழுதும் ரூஃபஸ் முறையில் இந்த முழு ஒப்பீடே பொருந்தாது. அங்கே படிமத்தில் உள்ள கோப்புகளையும் பென் டிரைவில் உள்ள கோப்புகளையும் ஒவ்வொன்றாகத்தான் ஒப்பிட முடியும்.

சிடியின் நிலை சற்று வேறு. அதன் தரவுச் செக்டார் ஒவ்வொன்றும் உண்மையில் 2,352 பைட்: 12 பைட் ஒத்திசைவுக்கு, 4 பைட் தலைப்புக்கு, 2,048 பைட் நம் தரவுக்கு, மீதி 288 பைட் பிழை கண்டறிந்து திருத்துவதற்கு. சிறு கீறல்களை டிரைவே சமாளித்துவிடுகிறது. சமாளிக்க முடியாதபோது தவறான பைட்டைத் தராமல் படிப்புப் பிழை என்று அறிவிக்கிறது. ஆனால் எல்லாம் சரியாக எழுதப்பட்ட வட்டிலும் கடைசியில் படிப்புப் பிழை வருவதுண்டு. தடத்தை முடிக்கும்போது டிரைவ் சேர்க்கும் சில வெற்றுச் செக்டார்களை, படிக்கும் நிரல் தரவு என்று எண்ணி அணுகுவதே அதற்குக் காரணம். இங்கும் மருந்து ஒன்றுதான்: 'ஐசோசைஸ்' கட்டளை, முதன்மை விவரணத்தைப் படித்துப் படிமத்தின் அளவைச் சொல்லும், அவ்வளவு செக்டார்களை மட்டும் படித்து செக்சம் கணக்கிட வேண்டும்.

சில லினக்ஸ் வெளியீடுகள் இந்த வேலையை பூட் பட்டியலிலேயே வைத்துவிடுகின்றன. ஃபெடோரா படிமங்களில் முதன்மை விவரணத்தின் பயன்பாட்டுப் பகுதியில் எம்டி5 ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் ஊடகத்தைச் சோதிக்கும் தெரிவை எடுத்தால், வட்டு முழுவதையும் படித்து அதனோடு ஒப்பிடுகிறது. டெபியனில் வட்டுக்குள்ளேயே எல்லாக் கோப்புகளின் எம்டி5 பட்டியலும் இருக்கிறது. வேறொரு கணினியில் எழுதிய வட்டைப் பயன்படுத்தும்போது இது மிகவும் உதவும். ஆனால் செக்சம் படிமத்துக்குள்ளேயே இருப்பதால், படிமத்தை மாற்றியவர் அதையும் மாற்றியிருக்கலாம். எனவே இந்தச் சோதனையை எழுதுவதில் நேர்ந்த சேதத்தைக் கண்டறிய மட்டுமே நம்புங்கள்.

நீங்களே உருவாக்கிய படிமத்தைப் பிறருக்குத் தருவதாக இருந்தால், அதை உருவாக்கிய கணினியிலேயே, உருவாக்கிய உடனே ஷா-256 கணக்கிட்டு, பட்டியலைக் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். ஏற்றிய பிறகு, வேறொரு கணினியிலிருந்து அதே இணைப்பின் வழியாகப் படிமத்தையும் பட்டியலையும் பதிவிறக்கி, கையொப்பத்தையும் செக்சத்தையும் ஒரு பயனர் செய்வது போலவே சோதித்துப் பாருங்கள். பின்னர் படிமத்தில் ஒரு கோப்பைத் திருத்தி மீண்டும் உருவாக்கினால், பழைய பெயரிலேயே அதை மாற்றி வைக்காமல் புதிய பதிப்பு எண்ணுடன் புதிய பெயர் கொடுங்கள். அப்போதுதான் பழைய படிமத்தை ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பவர் புதிய பட்டியலோடு ஒப்பிட்டு, தம் கோப்பு கெட்டுவிட்டது என்று தவறாக முடிவு செய்ய மாட்டார்.